கப்பல் கேபினில் ஜில்லென்று ஒரு டின்: ஃப்ரிட்ஜா, ஐஸ் வாளியா, கூலர் பையா?

உல்லாசக் கப்பலின் கேபினில் மேசைக்கு அடியிலோ அலமாரிக்குள்ளோ ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் இருக்கும். மதியம் கப்பலேறியவுடன் பன்னிரண்டு கோலா டின்களை அதற்குள் அடுக்கிவிட்டு, இரவுச் சாப்பாடு முடிந்து வந்து ஒன்றைத் திறந்தால் வாயில் வெதுவெதுவென்று படும். உடனே பணியாளரைக் கூப்பிட்டு "பெட்டி ஓடவில்லை" என்று புகார் சொல்பவர்கள் நிறையப் பேர். பெட்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் முடியாத வேலையை அதன் தலையில் கட்டியதுதான் கோளாறு.

சூடாக இருப்பதைக் குளிரவைப்பது ஒரு வேலை. குளிர்ந்துவிட்டதை அப்படியே வைத்திருப்பது இன்னொரு வேலை. வீட்டு ஃப்ரிட்ஜ் இரண்டையும் செய்துவிடுவதால் இந்த வித்தியாசம் நம் கண்ணில் படுவதில்லை. கேபினில் இரண்டும் பிரிந்துவிடும்: குளிரவைக்க ஐஸ், காத்துவைக்க ஃப்ரிட்ஜோ பையோ ஃப்ளாஸ்க்கோ. எதை வாங்குவது, எதைச் சுமந்துபோவது, எதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதெல்லாம் இந்த ஒரு பிரிவினையிலிருந்தே வருகிறது.

கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். மயாமி, போர்ட் கனாவரல், கால்வெஸ்டன் போன்ற அமெரிக்கத் துறைமுகம் ஒன்றிலிருந்து கரீபியன் கடலுக்கு ஏழு இரவுப் பயணம், ஒரு கேபினில் இரண்டு பேர், கையில் ஒன்றிரண்டு டஜன் 355 மில்லி டின்கள். ஏசி ஓடும் கேபின் 22 டிகிரி. வெளியே 28 முதல் 31 டிகிரி. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் மூன்று, நான்கு இரவுப் பயணங்களுக்கும் வெப்பநிலைக் கணக்கு ஏறக்குறைய இதுதான். ஆனால் அவ்வளவு குறுகிய பயணத்துக்குக் கூலர் பையெல்லாம் தேவையா என்று யோசிக்கலாம். ஒரு ஃப்ளாஸ்க் போதும்.

முதலில் எதைக் கொண்டுபோகலாம்

குளிரவைக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் குளிரவைக்க என்ன இருக்கப்போகிறது என்று பார்த்துவிட வேண்டும். கார்னிவல் நிறுவனத்தின் கப்பல்களில் ஏறும் நாளன்று ஒருவர் மது கலக்காத பானம் 12 டின்களோ அட்டைப் பொதிகளோ கொண்டுவரலாம். பாட்டிலில் வந்த பானத்துக்கு அனுமதி இல்லை. ராயல் கரீபியனில் கணக்கு கேபினுக்கு 12, ஆனால் பாட்டிலும் உண்டு. நார்வீஜியன் நிறுவனத்தின் கப்பல்களில் வெளியிலிருந்து சோடா, தண்ணீர் பாட்டில் எதுவும் கிடையாது. மருத்துவக் கருவிக்கும் குழந்தையின் பால்மாவுக்குமான தண்ணீர் மட்டும் விலக்கு. இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. கிளம்புவதற்கு முந்தைய வாரம் நிறுவனத்தின் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாமே கைப்பையில் போக வேண்டும். சுமைதூக்குபவரிடம் ஒப்படைக்கும் பெட்டிக்குள் டின்களை வைத்தால் சோதனையில் பெட்டி தனியாக ஒதுக்கப்படும். இரவு எட்டு மணிக்கு மாற்று உடை இல்லாமல் அதைத் தேடிப் போக நேரும். கூலருக்கும் அளவு உண்டு: கார்னிவலில் நீளம், அகலம், உயரம் மூன்றும் 12 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. சக்கரம் வைத்த பெரிய கூலர் துறைமுகக் கூடத்தைத் தாண்டாது.

நாள் முழுக்கப் பானம் கிடைக்கும் தொகுப்பை முன்பே வாங்கியிருப்பவர்களுக்குக் கேபினில் வேண்டியிருப்பது இரவில் குடிக்கக் குளிர்ந்த தண்ணீர் மட்டும்தான். அவர்கள் நேரே ஃப்ளாஸ்க் பற்றிய பகுதிக்குப் போய்விடலாம்.

கேபின் ஃப்ரிட்ஜ்: உள்ளே என்ன இருக்கிறது

மூன்று வகை உண்டு. எது உங்கள் கேபினில் இருக்கிறது என்று இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிப்பது நல்லது.

முதலாவது கம்ப்ரஸர் வைத்தது, வீட்டில் இருப்பதன் தம்பி. சற்று நேரம் உறுமும், பிறகு அடங்கும், மறுபடி உறுமும். உள்ளே ஒரு தகட்டில் பனி படிந்திருக்கும். பக்கத்திலோ பின்னாலோ ஒட்டியிருக்கும் சீட்டில் குளிரூட்டும் வாயுவின் பெயர் ஆர்-600ஏ அல்லது ஆர்-134ஏ என்று எழுதியிருக்கும். இது வாய்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 4, 5 டிகிரிவரை இறங்கும்.

இரண்டாவது, உறிஞ்சல் முறையில் இயங்குவது. அம்மோனியாவைச் சூடாக்கிப் பிரித்து, தண்ணீரில் மறுபடி கரையவிட்டு வேலை செய்கிறது. ஓடும் பாகமே இல்லாததால் சத்தம் கிடையாது. ஓட்டல் அறைகளில் இதை விரும்புவதும் அதனால்தான். பின்பக்கம் தொட்டால் நன்றாகச் சுடும். சீட்டில் ஆர்-717 என்றோ அம்மோனியா என்றோ இருக்கும். உள்ளே திரவம் தன் எடையால் கீழே வடிந்துதான் சுற்றுகிறது என்பதால் பெட்டி நெடுநேரம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றால் குளிர்ச்சி குறையும். அலையில் இப்படியும் அப்படியும் ஆடுவதால் அவ்வளவு பாதகமில்லை.

மூன்றாவது பெல்டியர் தகடு வைத்தது. மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் சில்லு, அதன் சூட்டை வெளியே தள்ள ஒரு குட்டி விசிறி. விசிறி நிற்காமல் மெல்லிதாக இரையும். ஃப்ரிட்ஜ் என்ற பெயருக்குத் தகுதியற்றது என்று சொல்லிவிடலாம். பல நிறுவனங்களே இதைக் கூலர் என்றுதான் குறிப்பிடுகின்றன.

பெல்டியர் பெட்டி "இத்தனை டிகிரிக்குப் போவேன்" என்று வேலை செய்வதில்லை. "சுற்றுக் காற்றைவிட இத்தனை டிகிரி இறங்குவேன்" என்றுதான் வேலை செய்கிறது. நல்ல நிலையில் 15 முதல் 20 டிகிரி இறக்கும். அறை 22 டிகிரி என்றால் உள்ளே ஐந்தாறு டிகிரி வர வேண்டுமே என்று தோன்றும். ஆனால் பெட்டி அறையில் இல்லை, கதவு சாத்திய மர அலமாரிக்குள் இருக்கிறது. அது தின்னும் 40, 50 வாட் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகி அதே அலமாரியை நிரப்புகிறது. அலமாரிக் காற்று 30 டிகிரிக்கு ஏறிவிட்டால் பெட்டிக்குள் 12, 13 டிகிரிதான். தன் மூச்சைத் தானே சுவாசித்துக்கொண்டு திணறுகிறது பாவம்.

வேகம் அதைவிடப் பரிதாபம். பன்னிரண்டு டின்களில் நாலேகால் லிட்டர் திரவம் இருக்கிறது. அதை 25 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்குக் கொண்டுவர 230 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். பெட்டி நிகரமாக 10 வாட் வெப்பத்தை எடுக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஆறரை மணி நேரம் ஆகும். உள்ளே குளிரக் குளிர அந்தப் பத்து வாட்டும் குறையும் என்பதால் உண்மையில் ஓர் இரவு முழுக்க எடுக்கும். இடையில் நாலு தரம் கதவைத் திறந்து "குளிர்ந்துவிட்டதா" என்று தொட்டுப் பார்த்தால் இன்னும் அதிகம்.

இதைச் சற்றுத் தேற்ற முடியும். முதலில் பிளக் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய பயணி சத்தம் பொறுக்காமல் பிடுங்கிவிட்டுப் போயிருக்கலாம். திருகு இருந்தால் கடைசிவரை திருப்புங்கள். சில கப்பல்களில் கதவருகே அட்டையைச் செருகினால்தான் அறை மின்சாரம் வரும். ஃப்ரிட்ஜும் அந்தக் கோட்டில் இருக்கிறதா என்று அட்டையை எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கடல் அமைதியாக இருக்கும் நேரத்தில் அலமாரிக் கதவைச் சற்றுத் திறந்து வைத்தால், ஃப்ரிட்ஜ் கதவை அல்ல, உள்ளே இரண்டு மூன்று டிகிரி குறையும். கப்பல் ஆடும்போது சாத்திவிடுங்கள், இல்லையென்றால் இரவெல்லாம் அது அடித்துக்கொண்டே இருக்கும். டின்களைப் பின்சுவரை ஒட்டி, ஒன்றுக்கொன்று விரலிடை விட்டு வையுங்கள். காற்றுப் போக வழியில்லாமல் அடைத்தால் முன்வரிசை குளிரவே குளிராது.

உள்ளே கப்பல்காரரின் விற்பனைச் சரக்கு அடுக்கியிருந்தால் நீங்களாக எடுத்து வெளியே வைக்காதீர்கள். எண்ணிக்கை குறைந்தால் உங்கள் கணக்கில் ஏறிவிடும். அறைப் பணியாளரிடம் காலி செய்து தரச் சொல்லுங்கள். முதல் நாளே கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

வெப்பநிலையைச் சோதிக்க வேண்டுமென்றால் ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே வைத்து, மறுநாள் காலை அந்தத் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். உள்காற்றின் அளவு கதவைத் திறந்த நொடியிலேயே மாறிவிடும், அதை நம்ப வேண்டாம்.

ஐஸ்: உண்மையில் வேலை செய்வது

ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்குகிறது. ஒரு டின்னை 25 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறக்க வேண்டியது 30 கிலோஜூல். ஆக ஒரு டின்னுக்கு 90 கிராம் ஐஸ் போதும். ஆறு டின்னுக்கு அரை கிலோவுக்குச் சற்று மேல், பன்னிரண்டுக்கு ஒரு கிலோ 100 கிராம். ஃப்ரிட்ஜ் இரவு முழுக்கத் திணறிய வேலையை இது கால் மணி நேரத்தில் முடிக்கும், அதுவும் இலவசமாக.

கேபின்களில் இருக்கும் ஐஸ் வாளி பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் பிடிக்கும். கட்டிகளுக்கு நடுவே காற்று இருப்பதால் ஒன்றரை லிட்டர் வாளியில் 800 கிராம் அளவுக்குத்தான் ஐஸ் இருக்கும். அறைப் பணியாளரிடம் முதல் நாள் பார்க்கும்போதே "தினமும் வாளியில் ஐஸ் வேண்டும்" என்று சொல்லிவிட்டால் பயணம் முடியும்வரை நிரப்பிவிடுவார். 2023 முதல் சில நிறுவனங்கள் சாதாரணக் கேபின்களுக்கு நாளில் ஒருமுறைதான் பணியாளரை அனுப்புகின்றன. அப்படியானால் காலையா மாலையா என்று கேட்டு, மாலையாக மாற்றிக்கொள்ள முடிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். காலையில் நிரப்பிய ஐஸ், நீங்கள் கரையிலிருந்து திரும்பும்போது தண்ணீராகியிருக்கும்.

எல்லோரும் செய்யும் தவறு, ஐஸ் குவியலின் மேல் டின்னைப் படுக்கவைப்பது. நாலைந்து இடத்தில்தான் ஐஸ் டின்னைத் தொடுகிறது, மீதிப் பரப்பு முழுக்கக் காற்று. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். எனவே டின்களை நிறுத்தி வைத்து, இடைவெளியில் ஐஸை இட்டு, முக்கால் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கால் மணியிலிருந்து இருபது நிமிடத்தில் குடிக்கலாம். அவ்வப்போது டின்னைக் கழுத்தில் பிடித்துச் சுழற்றிக்கொண்டிருந்தால் உள்ளேயும் கலங்கி, ஐந்தாறு நிமிடத்திலேயே தயார். சுழற்றலாம், குலுக்கக்கூடாது, காரணம் சொல்லத் தேவையில்லை.

ஊற்றும் தண்ணீரிலும் ஒரு கணக்கு இருக்கிறது. குழாயிலிருந்து 25 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டர் ஊற்றினால், அதைக் குளிரவைக்கவே 300 கிராம் ஐஸ் போய்விடும். மூன்று டின்னுக்கான ஐஸ் அது. மேல்தளத்தில் பஃபே அருகே இருக்கும் இயந்திரத்திலிருந்து ஏற்கெனவே குளிர்ந்த தண்ணீரைப் பிடித்து வந்தால் இந்தச் செலவு பாதிக்குக் கீழ் வந்துவிடும். அதைவிட நல்லது, முந்தைய வாளியில் உருகிக் கிடக்கும் தண்ணீரைக் கொட்டாமல் அதன் மேலேயே புது ஐஸ் போடுவது. குளியலுக்கு மட்டும்தான் அந்தத் தண்ணீர், டின்களின் குளியலுக்கு; குடிக்க அல்ல. டின்னைத் திறக்கும் முன் வாய்ப்பகுதியைத் துடைத்துவிடுங்கள்.

உப்பு போட்டால் இன்னும் சில்லென்று ஆகும் என்பது உண்மை. லிட்டருக்கு 50 கிராம் உப்பு போட்டால் தண்ணீர் பூச்சியத்துக்குக் கீழே மூன்று டிகிரிவரை போகும். ஆனால் பஃபேயில் கிடைக்கும் உறைகளில் ஒரு கிராம் உப்புதான் இருக்கும். ஐம்பது உறைகளைக் கிழித்துக்கொண்டு உட்காருவதற்குள் டின்னைச் சுழற்றியே குளிரவைத்துவிடலாம்.

வாளியில் ஒரே நேரத்தில் இரண்டு டின்தான் ஒழுங்காக நிற்கும். நாலைந்து வேண்டுமென்றால் குளியலறையின் கைகழுவும் தொட்டியை அடைத்துப் பயன்படுத்தலாம். முன்பே நன்றாகக் கழுவ வேண்டும், கடல் ஆடினால் தண்ணீர் வெளியே சிதறும், பல் துலக்க இன்னொருவர் காத்திருப்பார். அவசரத்துக்குத்தான் சரி. வெள்ளை ஒயின் பாட்டில் என்றால் கண்ணாடியின் எடையும் சேர்ந்து 180 கிராம் ஐஸ் கேட்கும். ஐஸ் தண்ணீரில் கழுத்துவரை மூழ்கி அரை மணி நேரம் இருந்தால் போதும்.

கூலர் பையும் தெர்மோகோல் பெட்டியும்

குளிர்ந்ததைக் காக்க, மடித்து வைக்கக்கூடிய துணிக்கூலர் பைதான் எங்கள் முதல் தேர்வு. ஆறு டின் பிடிக்கும் அளவு, 25 சென்டிமீட்டர் நீளம், 18 அகலம், 18 உயரம் கொண்டது போதும். வாங்கும்போது பார்க்க வேண்டியது பிராண்டு அல்ல, நுரைச்சுவரின் தடிமன். சுவர் ஒரு சென்டிமீட்டர் என்றால், 22 டிகிரி அறையில் மணிக்கு 140, 150 கிராம் ஐஸ் உருகும். இரண்டு சென்டிமீட்டர் என்றால் 80, 90 கிராம்தான். ஒரு கிலோ ஐஸ் முதல் பையில் ஏழு மணி நேரம், இரண்டாவதில் பதினோரு மணி நேரத்துக்கு மேல். கடையில் விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளுறையும் வெளித்துணியும் ஒட்டிக்கொண்டால் அது கூலர் பை அல்ல, வெள்ளி நிறம் பூசிய சாப்பாட்டுப் பை.

உள்ளுறை தைத்ததா, வெப்பத்தில் ஒட்டியதா என்பதும் முக்கியம். தைத்த பை மூலைகளில் கசியும். கப்பல் கம்பளத்தில் தண்ணீர் ஊறினால் ஏழு நாளும் அந்த வாடையோடுதான் தூங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஐஸை இரட்டை ஜிப் பையில் போட்டு வையுங்கள், அடியில் ஒரு துண்டு விரியுங்கள். ஜிப் பைக்குள் இருக்கும் ஐஸ் குளிர்ந்ததைக் காக்கும், ஆனால் சூடான டின்னைச் சீக்கிரம் குளிரவைக்காது. மறுபடியும் அதே பிரிவினை.

தெர்மோகோல் பெட்டி குளிரைக் காப்பதில் இதைவிடக் கெட்டி, விலையும் சொற்பம். மடிக்க முடியாது, விமானத்தில் உடையும், கேபினில் காலை இடறும், முடிவில் குப்பையாகும். துறைமுகத்துக்குக் காரிலேயே வந்து, அதே காரில் வீடு திரும்புகிறவர்களுக்கு மட்டும் இது சரிவரும். மூன்று அங்குலச் சுவர் வைத்த கடினமான கூலர்கள் இந்த இடத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. காலியாகவே நாலைந்து கிலோ கனக்கும். 12 அங்குல அளவுக்குள் சுவர் போக உள்ளே மிஞ்சுவது ஆறே அங்குலம்.

உறையவைத்த ஜெல் பொதிகளை வீட்டிலிருந்து எடுத்துப்போவது முதல் நாளுக்கு மட்டும் பயன்படும். அமெரிக்க விமான நிலையச் சோதனையில் அவை கல்லாக உறைந்திருந்தால் விடுவார்கள். பாதி இளகியிருந்தால் திரவக் கணக்கில் சேர்த்துப் பிடுங்கிவிடலாம். மருந்துக்காக என்றால் விலக்கு உண்டு. கப்பலில் மறுபடி உறையவைக்க வழியில்லை, கேபின் ஃப்ரிட்ஜுக்கு அந்தச் சக்தி கிடையாது. இரண்டாம் நாளிலிருந்து அவை வெறும் சுமை.

பையையும் ஃப்ரிட்ஜையும் சேர்த்து யோசித்தால் ஒரு நல்ல வழி பிறக்கிறது. அரை கிலோ ஐஸை இரட்டை ஜிப் பையில் கட்டி, ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் ஒரு தட்டின் மேல் வையுங்கள். வலுவில்லாத பெல்டியர் பெட்டியும் அப்போது ஐஸ் பெட்டியாகிவிடும். வெளியிலிருந்து கசியும் வெப்பத்தில் ஒரு பகுதியை அது வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் ஐஸ் பையில் இருப்பதைவிட மெதுவாக உருகும். மேலிருந்து குளிர்காற்று இறங்கி டின்களைச் சூழும். வாளியில் குளிரவைத்த டின்களைத் துடைத்து இதற்குள் அடுக்கினால் மறுநாள் காலைவரை குடிக்கும் பதத்தில் இருக்கும். கேபினில் ஃப்ரிட்ஜ் இருக்கிறது, தினமும் ஐஸ் வருகிறது என்றால் கூலர் பை வாங்கவே வேண்டாம் என்போம். கரைக்கு இறங்கும் நாட்களில் பானம் எடுத்துப்போக ஆசை இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஃப்ளாஸ்க்

தண்ணீர் மட்டும் போதும் என்பவர்களுக்கு வெற்றிடச் சுவர் வைத்த ஒரு லிட்டர் எஃகு ஃப்ளாஸ்க்கை மிஞ்ச எதுவும் இல்லை. 300 கிராம் ஐஸ் போட்டு, இயந்திரத்தின் குளிர்ந்த தண்ணீரை 700 மில்லி ஊற்றினால், இரவு பத்து மணிக்கு நிரப்பியதில் காலை எட்டு மணிக்கும் ஐஸ் மிதக்கும். கப்பல் தண்ணீர் கடல்நீரைக் காய்ச்சி வடித்தோ சவ்வு வழியே வடிகட்டியோ எடுப்பது, அல்லது துறைமுகத்தில் ஏற்றிக்கொண்டது. குளோரின் சேர்த்தே குழாய்களில் ஓடும். குடிக்கத் தீங்கில்லை, ஆனால் அந்த வாடை சிலருக்குப் பிடிக்காது. நன்றாகக் குளிர்ந்தால் வாடை தெரியாது. பாட்டில் தண்ணீருக்குத் தினமும் காசு கொடுப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

ஒரு கண்டிப்பு: ஃப்ளாஸ்க்கின் வாயை இயந்திரத்தின் குழாயில் முட்டவைத்துப் பிடிக்காதீர்கள். வாந்தி பேதி தரும் நோரோ வைரஸ் கப்பலில் பரவ இப்படிப்பட்ட பொது இடங்களும் ஒரு வழி. அங்கே அடுக்கியிருக்கும் சுத்தமான டம்ளரில் பிடித்து, ஃப்ளாஸ்க்கில் ஊற்றுங்கள். ஐஸ் வாளியை இயந்திரத்துக்குள் விட்டு அள்ளுவதும் அப்படித்தான். வாய் அகலமான ஃப்ளாஸ்க்காக வாங்கினால் ஐஸ் கட்டி உள்ளே போகும். குறுகலானதில் ஒவ்வொன்றாக உடைத்துப் போட வேண்டியிருக்கும்.

சோடாவை ஃப்ளாஸ்க்கில் ஊற்றி மூடினால் அழுத்தம் ஏறி, திறக்கும்போது மூடி சீறும். டின்னிலேயே வைத்து, வெளியே ரப்பர் நுரை உறை மாட்டிக்கொள்வது மேல். அந்த உறை வெறும் அலங்காரம் அல்ல. கரீபியன் காற்றில் ஈரம் அதிகம். குளிர்ந்த டின்மேல் ஒரு கிராம் நீர் வியர்த்தால் அது விட்டுச்செல்லும் வெப்பம் முழு டின்னையும் ஒன்றரை டிகிரிக்கு மேல் சூடாக்கப் போதுமானது. டின் வியர்ப்பது அழகாக இருக்கும், ஆனால் குளிர்ச்சி போவதே அந்த வியர்வையால்தான்.

வேண்டாதவை

பிளக்கில் செருகும் கையடக்கக் கூலரைக் கொண்டுபோகலாமே என்று தோன்றும். உள்ளே இருப்பது அதே பெல்டியர் சில்லு. கேபினில் ஏற்கெனவே இருக்கும் பெட்டியைவிடச் சிறியது, மேலும் பல நிறுவனங்களின் சோதனையில் பறிபோகும். யூஎஸ்பி கம்பியில் ஓடும் ஒற்றை டின் கூலர் இன்னும் வேடிக்கை. ஐந்து வாட் தின்று ஒன்றரை வாட் வெப்பத்தை எடுத்தால், ஒரு டின்னைக் குளிரவைக்க ஐந்தரை மணி நேரம். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அவற்றை மாட்ட எடுத்துவரும், சர்ஜ் ப்ரொடெக்டர் (திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் கருவி) வைத்த நீட்டிப்புக் கம்பிதான் உண்மையான ஆபத்து. கரையில் மின்சாரத்தின் ஒரு கம்பி நிலத்தோடு இணைந்திருக்கும். கப்பலில் அப்படியில்லை, இரண்டு கம்பிகளிலும் கப்பல் உடலோடு ஒப்பிட மின்னழுத்தம் இருக்கும். கரைக்காகச் செய்த சர்ஜ் ப்ரொடெக்டர் ஒரு கம்பியை மட்டும் துண்டித்தால் இன்னொன்று உயிரோடு நின்று, சூடேறித் தீப்பிடிக்கலாம். இதுபற்றி அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013இல் எச்சரிக்கையே வெளியிட்டது. கப்பல் சோதனையில் நீட்டிப்புக் கம்பிகளைத் தேடித் தேடி எடுப்பதற்குக் காரணம் இதுதான்.

உலர்பனி, அதாவது கட்டியாக உறைந்த கரியமில வாயு, கூடவே கூடாது. விமானத்தில் அனுமதி பெற்று இரண்டரை கிலோவரை எடுத்துப்போகலாம் என்பதால் கப்பலிலும் சரிதான் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு கிலோ உலர்பனி 500 லிட்டருக்கும் மேல் கரியமில வாயுவாக மாறும். காற்றோட்டம் இல்லாத சின்ன உள்கேபினில் அது காற்றில் ஒன்றரை விழுக்காட்டைத் தாண்டும். சாதாரணக் காற்றில் இருப்பது 0.04 விழுக்காடு. தலைவலியில் தொடங்கும்.

பால்கனியில் வைத்தால் குளிருமா என்றால், கரீபியனில் சூடுதான் ஆகும். கோடையில் அலாஸ்கா போகிறவர்களுக்கு மட்டும் அது இயற்கை ஃப்ரிட்ஜ்: பகலில் 15 டிகிரியை ஒட்டியும் இரவில் அதற்குக் கீழும் இருக்கும். காற்றில் பறக்காதபடி பையைத் தரையில், நாற்காலிக் காலோடு கட்டி வையுங்கள். கைப்பிடிக் கம்பியில் தொங்கவிடாதீர்கள். கப்பலிலிருந்து கடலில் பிளாஸ்டிக்கைப் போடுவது சர்வதேச விதிப்படி குற்றம்.

மருந்தும் பாலும் வேறு கதை

மேலே சொன்ன 12 டிகிரிக் கணக்கெல்லாம் சோடாவுக்கும் தண்ணீருக்கும்தான். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். பெல்டியர் பெட்டியை நம்பி ஏழு நாள் வைக்கக்கூடாது. ஐஸோடு ஒட்டிவைத்து உறையவிட்டாலும் அந்த மருந்து வீண். பயணம் பதிவு செய்தவுடனேயே நிறுவனத்தின் சிறப்புத் தேவைப் பிரிவுக்கு எழுதி, மருந்துக்கான ஃப்ரிட்ஜ் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கப்பலேறிய பின் கேட்டால் இருப்பில் இல்லாமல் போகலாம்.

தாய்ப்பாலும் அப்படியே. 4 டிகிரியில் நான்கு நாள் இருக்கும். உறைந்த பொதிகளோடு கூலர் பையில் ஒரு நாள். 25 டிகிரி அறையில் நான்கு மணி நேரம்தான். மோர், பால், பஃபேயிலிருந்து எடுத்துவந்த தயிர் இவற்றைக் கேபின் ஃப்ரிட்ஜில் மறுநாளைக்கு வைக்காதீர்கள். கப்பல் சமையலறையில் அமெரிக்கச் சுகாதாரத் துறை கேட்பது 5 டிகிரி அல்லது அதற்குக் கீழ்; பெல்டியர் பெட்டி அதன் பக்கத்தில்கூட வராது. கெட்டது வாடையில் தெரியும்வரை காத்திருந்தால் மீதிப் பயணம் குளியலறையில்தான்.

கடைசி இரவு

விமானத்தில் திரும்புகிறவர்கள் மிச்ச டின்களைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது, 100 மில்லி கணக்கில் எல்லாம் நின்றுவிடும். பெட்டிக்குள் போட்டால் ஒரு டஜன் டின் நாலரை கிலோ கனக்கும். கடைசி இரவுக்கு முன் எண்ணிப் பார்த்து, மீதியைக் குளிரவையுங்கள். அன்று மாலையே கூலர் பையைக் காலி செய்து, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, குளியலறையில் இழுத்துக் கட்டும் கொடியில் தொங்கவிட்டால் காலைக்குள் உலர்ந்துவிடும். ஈரத்தோடு மடித்துப் பெட்டிக்குள் வைத்த பை வீடு சேரும்போது பூஞ்சை வாடையோடு சேரும். ஃப்ரிட்ஜுக்குள் வைத்த ஐஸ் பையையும் தட்டையும் எடுக்க மறந்துவிடாதீர்கள். அடுத்த பயணி கதவைத் திறக்கும்போது அது தண்ணீராக இருக்கும்.